உப்பு என்று எழுதிய அறுபத்து மூன்று துளிகள்

தங்கத்தாய்க்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் கல்லூரிச் செயலாளர் அவளைக் கடல்வாழ் உயிரினங்களின் தோழி என்றார். அவள் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லை. அடுத்துப் பேசியவர் மருந்து கண்டுபிடித்த பெண் என்றார். அதுவும் கிடையாது. பேசியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் கணவன் என்று பதினோரு வருஷம் கூட இருந்த எனக்கே, அவள் செய்கிற வேலையைப் பிறருக்கு ஒழுங்காகச் சொல்ல நான்கு வருஷம் பிடித்தது. கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது. வேண்டியதை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

அவள் புரதங்களின் வடிவத்தைப் பார்ப்பவள். புரதம் என்றால் பருப்பிலும் முட்டையிலும் இருக்கிற சத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒரு நீளமான மணிச்சரம் என்பாள் அவள். உயிருக்குள் உருவானதும் அந்தச் சரம் தானாகச் சுருண்டு மடிந்து ஒரு வடிவம் எடுக்கும். வடிவம் சரியாக அமைந்தால்தான் அதன் வேலை நடக்கும். ஆனால் கல்லூரியில் இருக்கிற எந்த மைக்ரோஸ்கோப்பிலும் அது தெரியாது. அதனால் கோடிக்கணக்கான சரங்களை ஒரே மாதிரி வரிசையில் நிற்க வைத்துப் படிகமாக்க வேண்டும். படிகத்தின் மேல் எக்ஸ் கதிரை விட்டால் புள்ளி புள்ளியாகச் சிதறி விழும். அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டால் உள்ளே ஒவ்வொரு அணுவும் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். படிகம் கிடைக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்காகக் கிடைக்காமலே போகலாம்.

தங்கத்தாய் ஆறுமுகநேரிக்காரி. அப்பா செந்தூர்பாண்டி உப்பளத்தில் வேலை பார்த்தவர். கோடை லீவில் அவளும் பாத்தி வரப்பில் நின்றிருக்கிறாள். கடைசிப் பாத்தியில் தண்ணீர் சிவக்கும்போது, "தண்ணி செவந்துட்டு, இனி உப்பு விழும்" என்று அப்பா சொல்வாராம். அந்தச் சிவப்பு ஒரு உயிர் என்று அவளுக்குத் தெரிந்தது எம்.எஸ்ஸி. படிக்கும்போது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர், கோடி கோடியாக. ஊறுகாய் ஜாடியில்கூட அவ்வளவு உப்பு இருக்காது. அதற்குள் ஒரு உயிர் சுகமாக வாழ்கிறது. செய்தி கேட்ட அன்று ஹாஸ்டலில் சோறு இறங்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

சென்னையில் ஆராய்ச்சிப் பட்டம், ஹாம்பர்க்கில் மூன்று வருஷம். அங்கேயே இருந்திருக்கலாம். 2013இல் தூத்துக்குடிக்கு வந்து ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கச் சேர்ந்தாள். அந்த வருஷமே எங்கள் கல்யாணமும் நடந்தது. துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கன்டெய்னர்களுக்குக் காகிதம் போடுகிறவன் நான். பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வெளிநாட்டுலேருந்து ரசாயனம் வரவழைச்சா கஸ்டம்ஸ்ல எத்தன நாள் கெடக்கும்?" பதினைந்து நாள் என்றேன். முகம் வாடிவிட்டது. நான் பார்த்தால் நான்கு நாள் என்றேன். கல்யாணம் முடிவாயிற்று.

2016இல் அவளுக்கு மூன்று வருஷத்துக்கு ஆராய்ச்சி நிதி கிடைத்தது. கல்லூரியின் பழைய டைப்ரைட்டிங் அறையைக் குளிர் அறையாக மாற்றினார்கள். இரண்டு கருவிகள் வந்தன. ஆறுமுகநேரிச் சிவப்புத் தண்ணீரில் இருந்து ஒரு புரதத்தைப் பிரித்து அதன் வடிவத்தைப் பார்ப்பதுதான் திட்டம். நம் உடம்பிலிருக்கும் பெரும்பாலான புரதங்களை அந்தத் தண்ணீரில் போட்டால் பால் திரிந்த மாதிரி திரிந்துவிடும். இதுவோ நேர்மாறு. உப்பு குறைந்தால் அவிழ்ந்து போகும். நல்ல தண்ணீர்தான் இதற்கு விஷம். அப்படியென்றால் உப்பு அதை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் ஊர் திரும்பியிருந்தாள்.

நிதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. 2019 மார்ச் 31க்குள் வடிவம் கிடைக்காவிட்டால் கருவிகள் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அவள் வாரம் பதினாறு மணி நேரம் தவளையும் கரப்பான்பூச்சியும் நடத்திக்கொண்டு ஓய்வு பெற வேண்டியதுதான். அவளுக்கு அது தெரியும். ஆய்வு மாணவி ஜெபசுதாவுக்கும் தெரியும்.

ஜெபசுதா நாசரேத்துப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்கள். கோடு போட்ட நோட்டில் கோட்டுக்கு வெளியே ஒரு எழுத்து போகாது. வேலையைச் சொல்லிவிட்டால் போதும். கண்ணாடி வில்லையில் புரதத்தை ஒரு துளி விட்டு, அதில் உப்புக் கரைசல் ஒரு துளி சேர்த்து, தட்டிலிருக்கும் ஒரு சின்னக் குழியின் மேல் கவிழ்த்து மூடி, கிரீஸ் தடவி அடைக்க வேண்டும். துளி மெல்ல மெல்ல வற்றும்போது படிகம் முளைத்தாலும் முளைக்கும். ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டுத் துளி. மூன்று வருஷம்.

2017 நடுவில் துளிகளில் கட்டம் கட்டமாக ஏதோ முளைக்க ஆரம்பித்தது. ஜெபசுதா ஓடி வந்து கூப்பிட்டாள். தங்கத்தாய் கண்ணை லென்ஸில் வைத்தாள், எடுத்தாள்.

"உப்பு. கழுவிப் போடு."

"மேடம், சாயம் போட்டுப் பாப்போமா? புரதம்னா நீலமாயிரும்லா."

"எதுக்குளா சாயத்த வேஸ்ட் பண்ணுத? நான் நடக்கப் படிச்சதே உப்பு மேலதான்."

அதற்கு மேல் யார் பேசுவது? வேறு ஊர்க்காரியாக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும், சோதித்திருப்பாள். சோதனை பெரிய விஷயமே இல்லை. ஒரு சொட்டுச் சாயம்தான். ஆனால் இவள் ஆறுமுகநேரிக்காரி. கல்யாண வீட்டில் சாம்பாரைப் பார்த்தே உப்பு கூடுதல் என்று சொல்கிறவள். கரைசலே பாதிக்குப் பாதி உப்பு, அதில் சதுரமாக ஒன்று முளைத்தால் உப்பாகத்தானே இருக்கும்? நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே உப்பு என்று எழுதினாள். ஜெபசுதா வில்லையைக் கழுவி அடுக்கினாள். இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று.

2019 பொங்கல் லீவு முடிந்து திறந்த அன்று, ஜெபசுதா அதுவரை இல்லாத அளவுக்குப் பெரிதாக ஒன்றைப் பார்த்தாள். துளியின் நடுவில் தனியாக நின்றதாம், ஒரு மயிரிழை அகலம். மற்றவற்றைப் போல இல்லை, ஓரம் லேசாக மழுங்கி இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னாள். தங்கத்தாய்க்கு வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"இங்கன வா. இன்னையோட உனக்கு இந்தச் சந்தேகம் தீரட்டும். உப்புன்னா ஊசி வச்சா நொறுங்கும். சத்தமே கேக்கும். பாத்துக்கோ."

மெல்லிய ஊசியை எடுத்து லென்ஸுக்கு அடியில் கொண்டுபோய் அந்தப் படிகத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

சத்தம் வரவில்லை. நொறுங்கவும் இல்லை. இளநுங்கில் விரல் போகிற மாதிரி ஊசி உள்ளே போயிற்று. படிகம் மெத்தென்று பிளந்து துண்டு துண்டாகக் கலைந்தது.

அதன் பிறகு நடந்ததை ஜெபசுதா சொல்லித்தான் நான் கேட்டேன். மேடம் லென்ஸில் வைத்த கண்ணை எடுக்காமலே, "ஏளா, கொன்னுட்டேன்ளா" என்றாளாம். ஜெபசுதாவுக்கு அழுகை வந்துவிட்டது. தங்கத்தாய் அவள் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். "எதுக்கு அழுத? உப்பில்லளா அது. உப்பே இல்ல." அன்று இரண்டாம் வருஷ மாணவிகளுக்கு வகுப்பு நடக்கவில்லை. அவள் வகுப்பைத் தவறவிட்டது அந்த ஒரு நாள்தான்.

எனக்கு போன் வந்தது. கப்பல் ஒன்று வந்து நின்ற நேரம்.

"இங்கேருங்க, உப்பில்ல."

"சரி, வரும்போது ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாரேன்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷமாக வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை.

நல்ல படிகம் ஊசியில் போய்விட்டது. மற்றவை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மிச்சம் இருந்தது நோட்டு ஒன்றுதான். எந்தத் துளியில் எவ்வளவு உப்பு, என்ன சூடு, எத்தனை நாள் என்று ஜெபசுதா அச்சடித்த மாதிரி எழுதி வைத்திருந்தாள். அதற்கு நேரே தங்கத்தாயின் கோழிக்கிறுக்கல், உப்பு என்று. எண்ணினார்கள். அறுபத்து மூன்று இடம். அத்தனையையும் புதிதாகப் போட்டார்கள். நான்கு நாள் அவள் மத்தியானச் சாப்பாட்டைக் குளிர் அறையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நின்றபடி சாப்பிட்டாள். தூத்துக்குடியில் ஸ்வெட்டர் வாங்க நான் நான்கு கடை ஏறி இறங்கியிருந்தேன்.

இரண்டு வாரத்தில் பத்தொன்பது இடத்தில் கட்டங்கள் முளைத்தன. இந்தத் தடவை ஒவ்வொரு துளியிலும் ஒரு கட்டத்துக்குச் சாயம் விட்டுப் பார்த்தாள். ஆறு துளிகளில் நீலம் ஏறியது. அன்றைக்கு அப்பாவுக்கு போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஒன்றர வருசமா உப்புன்னு தூர ஊத்திருக்க," என்றார் செந்தூர்பாண்டி.

"ஆமாப்பா."

"என் பேரச் சொல்லிருக்கியா அங்க யாருகிட்டயும்?"

"சொல்லிருக்கேனே."

"இனிமே சொல்லாத."

படிகங்களை எக்ஸ் கதிரில் வைக்க இந்தூருக்குப் போக வேண்டும். அங்கே உள்ள பெரிய வளையக் கருவியில் பிப்ரவரி கடைசியில் இரண்டு பகல் அவளுக்கு ஒதுக்கினார்கள். போகிற வரைக்கும் படிகங்களை உறைய வைத்திருக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். தூத்துக்குடியில் அது எங்கே கிடைக்கும்? மாட்டாஸ்பத்திரியில். சினை ஊசிக்கான விந்துக் குழாய்களை அதில்தான் போட்டு வைத்திருப்பார்கள். டாக்டரிடம் கல்லூரிக் கடிதத்தைக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டு, கேனை என் ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போனோம். அங்கே உதவியாளர் இனிகோ. புன்னைக்காயல்காரர்.

"அக்கா, இதுல யாருக்குச் சினை பிடிக்கணும்?"

"புரதத்துக்கு."

"அது எந்தச் சாதி மாடு?"

"ஆறுமுகநேரிச் சாதி. செவப்பு. உப்புத் தண்ணிதான் குடிக்கும்."

இனிகோ கேனை நிரப்பிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, கன்னு போட்டா ஒரு வார்த்த சொல்லுங்க. நம்ம கேஸ்னு ரிஜிஸ்டர்ல எழுதிக்கிடுதேன்."

தங்கத்தாய், ஜெபசுதா, நான், மூன்று பேரும் இந்தூர் போனோம். பகலில்தான் வேலை. சுற்றிலும் கம்ப்யூட்டர் திரைகள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனிப்புகையில் ஒரு ஊசிமுனை. அந்த முனையில் படிகம். கதவு பூட்டி மணி அடிக்கும். பிறகு திரையில் புள்ளிகள் வரும். புரதம் என்றால் புள்ளிகள் நெருக்கமாக, நூற்றுக்கணக்கில் வரும். உப்பு என்றால் நாலைந்து பெரிய புள்ளி தூரம் தூரமாக வரும், அவ்வளவுதான். இதை எனக்கு ரயிலிலேயே படம் போட்டுக் காட்டியிருந்தாள்.

முதல் படிகம். நாலு புள்ளி. உப்பு.

இரண்டாவதும் உப்பு. மூன்றாவதும். ஒரே துளியில் உப்பும் புரதமும் பக்கத்தில் பக்கத்தில் முளைத்திருந்தன, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எது எது என்று எடுத்தவளுக்கே தெரியவில்லை. ஏழாவது படிகமும் உப்பு என்று வந்தபோது ஜெபசுதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதல் பகல் முடிந்தது. இன்னும் ஐந்து படிகங்கள்தான் கையில்.

வெளியே டீ குடிக்கும்போது தங்கத்தாய் சொன்னாள்: "நான் அப்பமே சொன்னேன்லா, உப்புன்னு."

ஜெபசுதா அவளைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மேடத்திடம் எதிர்த்துப் பேசினாள். "ஆமா மேடம். அதான் நாம ஊசியில குத்துனது மட்டும் உப்பில்லாமப் போச்சு."

தங்கத்தாய் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை எட்டாவது படிகம். மணி அடித்தது. திரை ஒரு விநாடி வெறுமையாக இருந்தது. அப்புறம் புள்ளிகள். நடுவிலிருந்து ஓரம் வரைக்கும், நெருக்க நெருக்கமாக, வரிசை பிசகாமல், நட்ட நாற்று மாதிரி. அங்கிருந்த அலுவலர் இந்தியில் ஏதோ சொன்னார். தங்கத்தாய் என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் இறங்கியது. தடம் இரண்டு நாள் இருந்தது. "ஓரத்தப் பாருங்க, ஓரத்தப் பாருங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். புள்ளிகள் ஓரம் வரை போனால் அணு அளவுக்குத் துல்லியமாக வடிவம் தெரியும் என்று அர்த்தம். புள்ளிகள் ஓரத்தைத் தாண்டியும் போயிருக்கும், திரைதான் அங்கே முடிந்துவிட்டது என்று அப்புறம் சொன்னாள்.

ஊர் திரும்பியதும் கணக்கு. புள்ளிகளில் இருந்து வடிவத்துக்கு நேராகப் போக முடியாது, ஒரு முன்மாதிரி வேண்டும். சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரின் புரத வடிவம் முன்பே தெரிந்திருந்தது. நம்முடையதற்கு அது தூரத்துச் சொந்தம். அதைத் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்க்க வேண்டும். நான்கு தடவை பொருந்தவில்லை. மார்ச் பதினைந்து, இருபது என்று தேதி ஓடியது. பல்கலைக்கழகத்தில் இருந்து ஒருவர் போன் செய்து, கருவிகளை ஏற்ற லாரி எந்தப் பக்கம் வந்தால் வசதி என்று கேட்டார். கேட் சின்னது, பெரிய லாரி நுழையாது என்று பதில் சொன்னாள். அது உண்மையும்தான்.

மார்ச் 22, வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணி. எனக்கு போன் வரவில்லை, படம் வந்தது. நீல வலை மாதிரி ஒன்று, அதற்குள் மஞ்சள் கம்பியாகச் சுருண்ட சரம். ஒன்றும் புரியாமல் அரை நாள் லீவு போட்டு ஓடினேன். அவள் திரையைத் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தாள். சரம் முழுக்க வெளிப்பக்கம் எதிர்மின் தன்மை. அதைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஐந்தைந்தாகக் கைகோத்து வளையம் வளையமாக நிற்கின்றன. வளையங்களுக்கு நடுவில் உப்பின் அணு, ஆணி அடித்த மாதிரி. அந்த ஆணிகள்தான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கின்றன. உப்பு இல்லாவிட்டால் ஆணி கழன்று, வளையம் கலைந்து, சரம் அவிழ்ந்துவிடும்.

"பாத்தியளா? இதத்தான் கேட்டேன். இதத்தான் நான் கேட்டேன்," என்றாள். உலகத்தில் அதை முதன்முதலாகப் பார்த்தவர்கள் ஒரு பழைய டைப்ரைட்டிங் அறையில் நின்ற மூன்று பேர். மூன்றாவதாக நின்ற நான் ஒப்புக்குத்தான்.

அறிக்கையை மார்ச் 27 அன்று அனுப்பினாள். 30ஆம் தேதி மதியம் நிதி கொடுத்த குழுவின் தலைவரே போனில் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். கருவிகள் தூத்துக்குடியிலேயே இருக்கும், இன்னும் மூன்று வருஷம் நிதி நீட்டிக்கப்படும் என்றார். படிகம் கிடைக்க ஏன் இவ்வளவு தாமதம் என்று அறிக்கையில் நேர்மையாக எழுதியிருந்ததைப் பாராட்டினார். வேறு ஏதாவது தேவையா என்று மரியாதைக்குக் கேட்டார்.

யாராக இருந்தாலும் நன்றி சொல்லிப் போனை வைத்திருப்பார்கள்.

"ஒரு ஜெனரேட்டர் வேணும் சார்," என்றாள் தங்கத்தாய். "இந்த ஊர்ல மே மாசம் கரண்ட் நிக்காது. அதோட ஜெபசுதாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பெல்லோஷிப் சேத்துப் போடுங்க. படிகத்த மொதல்ல பாத்தது அவதான். நான் குத்துனவ."

மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம் என்றார். அன்றைக்கே எழுதி அனுப்பினாள். இரண்டுமே கிடைத்தன. அந்தப் புரதத்தின் வடிவம் உலகப் பொதுச் சேமிப்பில் யாரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பெயர்களில் ஜெபசுதா முதலாவது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஐந்து வருஷம் இருந்தது. இன்னும் இரண்டு புரதங்களின் வடிவத்தைப் பார்த்தாள். மூன்றாவதற்குத் துளி போட்டிருந்தபோது, போன ஆகஸ்டில், மூளையில் ரத்தக்கசிவு. மூன்றே நாள். நாற்பத்து நான்கு வயது.

மூன்றாவதன் துளிகளை இப்போது ஜெபசுதா பார்க்கிறாள், டாக்டர் ஜெபசுதா. நேற்றுப் போன் செய்தாள். நாற்பதாவது துளியில் ஏதோ முளைத்திருக்கிறது, சாயம் விட்டிருக்கிறேன், நீங்கள் வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டாள். நாளைக்குக் காலையில் போகிறேன்.